மிளகுக்கு வயிறு கட்டியது யார்

ஊரப்பாக்கம்,
22.11.2025, சனிக்கிழமை.

அன்பு மகள் வினிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மிளகும் சுகம். அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும், போன வாரம் மூக்கடைப்போடு பேசினாயே அது விட்டுப்போயிருக்க வேண்டும், அந்த ஊர்க் குளிரில் தலையில் குல்லாய் இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்காமல் இருக்க வேண்டும். மூன்றையும் சிங்கப்பெருமாளிடம் சொல்லியிருக்கிறேன், குல்லாய் மட்டும் உன் கையில். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பா திடீரென்று தாளும் பேனாவும் எடுத்துவிட்டாரே, ஏதாவது வில்லங்கமா என்று பயப்படாதே. போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். வாட்ஸப்பில் எழுதினால், கண்ணாடியைத் தேடுகிற நேரத்தில் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். அதனால்தான் தபால். இதையும் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பழைய காலண்டர் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டிரெயின் வரும்போதெல்லாம் கையெழுத்து ஆடியிருந்தால் வயசாகிவிட்டது என்று நினைக்காதே.

ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை மிளகுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்ததும், அன்று சாயங்காலமே தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு “நல்லா இருக்கா, நல்லா இருக்கா” என்று நான் தினமும் சொன்னதில் பாதி பொய். முதலிலிருந்து சொல்கிறேன். கூடுவாஞ்சேரி நாய் டாக்டரம்மா ஜெயசீலியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். வயது உன்னைவிடக் குறைவு, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, ஆபரேஷன் ரூமுக்குள் போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்து முடிந்தது சார் என்றார். மறைமலைநகர் கம்பெனி ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, வந்த பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு கையெழுத்துக்கூடப் போடாதவன் உன் அப்பன். மயக்கத்தில் கிடந்த மிளகைப் புரட்டிப் பார்த்தேன். வயிற்றில் முடி வழித்த இடத்தில் என் சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, அதில் ஐந்து தையல், அவ்வளவுதான். இத்தனூண்டு வழியாக ஒரு கர்ப்பப்பை எப்படி வெளியே வரும்? “டாக்டர், உள்ள இருந்தத எடுத்தீங்களா, இல்ல திறந்து பாத்துட்டு அப்படியே தச்சுட்டீங்களா?” என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “வாங்க சார், உங்க பொருள நீங்களே செக் பண்ணிக்கோங்க” என்று ஒரு எவர்சில்வர் தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதற்கப்புறம் நான் பார்த்தது அந்தக் கிளினிக்கின் சீலிங் ஃபேனை. ஆபரேஷன் ஆன நாய் எழுந்து நின்றுவிட்டதாம், கூட்டிவந்த ஆள்தான் பெஞ்சில் படுத்துக் குளுக்கோஸ் தண்ணி குடித்தாராம். கம்பவுண்டர் இன்னும் என்னைப் பார்த்தால் “தலை சுத்தல் பரவால்லயா சார்” என்றுதான் கேட்கிறான்.

டாக்டரம்மா சொல்லி அனுப்பியதை ஒன்று விடாமல் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, வலி மருந்து ஐந்து நாள், காயத்தில் ஸ்ப்ரே இரண்டு வேளை, பதினாலு நாள் குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, குளிக்கக் கூடாது, காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல், எதுவாக இருந்தாலும் காயம் காய்ந்து இருக்க வேண்டும், ஈரம் ஆகாது. மேலே ‘மிளகு’ என்று பெயர் எழுதிச் சிவப்பு மையில் கோடு வேறு போட்டேன். உன் அம்மா அதை ஒரு நிமிடம் நின்று படித்தாள். அப்படியே அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். மிளகு விஷயத்தில் அவள் நிலை உனக்குத் தெரிந்ததுதானே. நீ மே மாதம் வந்து இதே ஸ்டேஷன் படிக்கட்டுக்கு அடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து “ஹாலோட சரி, அடுப்பங்கரைக்குள்ள காலு வெச்சா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று சட்டம் போட்டவள். ஆபரேஷன் அன்றைக்கும் கிளினிக்குக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். திரும்பி வந்தபோது வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போனாள். நாயைக் கண்டால் ஆகாது, போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன். எல்லோரையும் சந்தேகப்படுகிறவனுக்குச் சந்தேகப்பட வேண்டிய இடம் மட்டும் தெரியாது என்பதற்கு நானே சாட்சி.

திங்கட்கிழமை, அதாவது மூன்றாம் நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரூமில் படுத்தவன் நாலு மணிக்கு எழுந்து ஹாலுக்கு வந்தால், மிளகு ஜன்னலுக்குக் கீழே சாக்கின் மேல் ராணி மாதிரி படுத்திருக்கிறாள், வயிற்றைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. நாலாக மடித்து, இடுப்பிலிருந்து நெஞ்சு வரைக்கும் சுற்றி, ஓரத்தில் முடிச்சு தெரியாமல் உள்ளே சொருகியிருந்தது. தொட்டால் லேசாக ஈரம். நான் கட்டவில்லை. உன் அம்மாவைக் கேட்டேன். “நான் அந்தப் பக்கமே போகல, நீங்களே ஏதாவது பண்ணிட்டு மறந்திருப்பீங்க” என்றாள். என் மறதி மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை இருப்பதால் வாயை மூடிக்கொண்டு அவிழ்த்துப் போட்டேன். மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் அதே கட்டு. இப்போது எனக்குள் இருந்த ஸ்டோர் கீப்பர் எழுந்து உட்கார்ந்துவிட்டான். முதல் சந்தேகம் மாடியில் குடியிருக்கும் ஜெபகுமார் மேல். போன மாதம் மிளகு அவருடைய புது ஆபீஸ் ஷூவில் ஒன்றைக் கடித்து, மற்றதைப் பக்கத்து மனை வரைக்கும் கொண்டுபோய் வைத்திருந்தாள். பரவாயில்லை அங்கிள் என்று சிரித்தார். அப்படிச் சிரிக்கிறவர்களை நம்பக் கூடாது. படிக்கட்டில் மடக்கி, மத்தியானத்தில் யார் வீட்டில் இருப்பீர்கள் என்று நைசாகக் கேட்டேன். “நான் ஆபீஸ் அங்கிள், சத்யபிரியாதான் வீட்லருந்து வேலை பாக்கறா, ஏன் அங்கிள், தண்ணி வரலயா?” என்றார். தண்ணீரைப் பற்றி நான் கேட்கவே இல்லையே, பேச்சை ஏன் மாற்றுகிறார் என்று அன்று ராத்திரி பூராவும் யோசித்தேன்.

இரண்டாவது சந்தேகம் பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் மேல். மொட்டை மாடி மழைத்தண்ணீர்க் குழாய் அவர்கள் பக்கம் ஊற்றுகிறது என்று போன வருடம் அவள் மகனோடு எனக்கு வாய்த்தகராறு ஆனதிலிருந்து நமக்கும் அவர்களுக்கும் பேச்சு இல்லை, நமக்கும் என்றால் எனக்கும். செவ்வாய்க்கிழமை காலை நான் குளியலறையில் இருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது. “நல்லா இறுக்கிக் கட்டு, லூசா வுடாத. ரெண்டு நாளு வுட்டா தொங்கிப் பூடும்.” துணிக்கொடியைப் பற்றித் தன் மருமகளிடம் பேசுகிறாள் என்றுதான் முதலில் எண்ணினேன். சாயங்காலம் கட்டைப் பார்த்ததும் அந்த வார்த்தை மண்டையில் மணியடித்தது. ஆஹா, குழாய்க்கு வஞ்சம் வாயில்லா ஜீவன் மேல் தீர்க்கிறார்களா என்று உள்ளே கொதித்தேன். வெளியே போய் அவள் எதிரில் பட்டபோது முறைத்தேன். அவளோ என்னைப் பார்த்து, ஒரு வருடம் கழித்து முதல் முறையாக வாயைத் திறந்து, “இன்னாங்க, குட்டி எப்டி கீது? வலிக்குதா அதுக்கு?” என்றாள். குற்றவாளி சம்பவ இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவான் என்று எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் சொல்வார். நான் பதில் சொல்லாமல் கேட்டைச் சாத்திக்கொண்டு வந்தேன். சாத்தின வேகத்தில் என் விரலே மாட்டிக்கொண்டது, அது தனிக் கதை.

புதன்கிழமை சீல் வைத்தேன். சிரிக்காதே. ஸ்டோரில் லாங் லீவு வந்தால் கதவு இடுக்கின் மேல் ஒரு காகிதத்தைக் கோந்து போட்டு ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போடுவோம், யாராவது திறந்தால் காகிதம் கிழிந்துவிடும். அதே மாதிரி வாசல் கதவில் ஒன்று, கொல்லைக் கதவில் ஒன்று, ‘ஏகநாதன், 12.11, மணி 2.05’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். தூங்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன், ஆனால் அன்றைக்குப் பார்த்து உன் அம்மா மோர்க்குழம்பு வைத்திருந்தாள். நாலு மணிக்கு எழுந்து ஓடிவந்து பார்த்தால் இரண்டு காகிதமும் கிழியாமல் இருக்கின்றன, மிளகு வயிற்றில் கட்டு இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை என்றால் செய்தது உள்ளே இருக்கிற ஆள்தான். இதை ஸ்டோரில் புதிதாக வந்த அப்ரண்டிஸ்கூடச் சொல்லிவிடுவான். எனக்கு உதித்தது என்ன தெரியுமா, மொட்டை மாடி. மேலே போய்க் காலடித் தடம் தேடினேன். மொட்டை மாடியிலிருந்து நம் ஹாலுக்கு இறங்க வழியே கிடையாது என்பது கீழே வந்த பிறகுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் உன் அம்மா வாசல் கதவைத் திறக்காமல், “சீலை எடுக்கலாமா இன்ஸ்பெக்டர் சார், பால்காரர் வந்து நிக்கறாரு” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த விளையாட்டெல்லாம் வியாழக்கிழமை காலையோடு முடிந்தது. மிளகு தட்டில் வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புனலைத் தரையில் சாய்த்தபடி படுத்திருந்தாள், கூப்பிட்டால் வால் மட்டும் ஒரு தடவை அசைந்தது. காதைத் தொட்டால் சுட்டது. புரட்டிப் பார்த்தேன். வெட்டு ஓரமெல்லாம் சிவந்து வீங்கி, கீழ்ப்பக்கத் தையல் மூன்றும் ஊறிப்போய்க் கசிந்துகொண்டிருந்தது, ஒரு வாடையும் வந்தது. வினி, உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நாயின் முகம் தெரியவில்லை, உன் முகம்தான் தெரிந்தது. ஏர்போர்ட்டில் “பத்திரமா பாத்துக்கோப்பா” என்று நீ சொன்னது சூட்கேஸைப் பற்றி இல்லையே. நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஜெபகுமார் மனைவி சத்யபிரியா காதில் ஹெட்போனோடு இறங்கி ஓடிவந்தது. கழற்றிப் போட்ட துணியைக் கையில் எடுத்து, “அங்கிள், இது எங்க அக்காவுக்கு டெலிவரி ஆனப்போ எங்க அத்தை கட்டி விட்டது மாதிரியே இருக்கே, இப்படித்தான் நாலா மடிச்சு உள்ள சொருகுவாங்க, வயித்துக்கட்டு” என்றது. மூக்கருகே கொண்டுபோய், “வேப்பிலைத் தண்ணில நனைச்சிருக்காங்க, மஞ்சளும் போட்டிருக்காங்க” என்றது. அப்போதுதான் நானும் அந்தத் துணியை ஒழுங்காகப் பார்த்தேன். ஓரத்தில் மங்கலாகப் பச்சைக் கரை. என் வேட்டி. மூன்று நாளாக என் கையாலேயே அவிழ்த்துப் போட்டிருக்கிறேன், சொந்த வேட்டியை அடையாளம் தெரியவில்லை. ஊரில் இருக்கிற சாமானையெல்லாம் கணக்கு வைத்தவன் நான்.

அடுப்பங்கரைக்குப் போனேன். உன் அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஓரமாகச் சின்ன சொம்பில் வேப்பிலை மிதந்துகொண்டிருந்தது. நீயா என்று கேட்டேன். தலை நிமிரவில்லை. “வயித்துல கத்தி வெச்சா கட்டணும். கட்டலன்னா உள்ள காத்து பூந்துரும், வயிறு தொங்கிப் போயிடும். உங்களுக்கு எப்படித் தெரியும்” என்றாள். எனக்கு வந்ததே கோபம், பதினாலு நாள் ஈரம் படக் கூடாது என்று ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறேனே, நீ படிக்கவில்லையா என்று கத்தினேன். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். “படிச்சேங்க. தினம் படிச்சேன். எட்டு மணி மாத்திரை, குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாதுன்னு சிவப்புக் கோடு போட்டு எழுதியிருக்கீங்க. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எனக்கு ஆபரேஷன் ஆனப்ப இந்த வீட்ல ஃப்ரிட்ஜ் இருந்துச்சு, பேப்பர் இருந்துச்சு, நீங்களும் இருந்தீங்க. மூணாம் நாளு காபி கேட்டீங்க” என்றாள். அவள் குரல் உயரவில்லை, அவரைக்காயிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

உனக்கு இது புரியாது, ஏனென்றால் உன்னிடம் நாங்கள் சொல்லவில்லை. 2012 அக்டோபரில், நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். உனக்குப் பரீட்சை. அம்மா சிங்கப்பெருமாள் கோவிலில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே டவர் கிடைக்காது என்று பத்து நாள் சமாளித்தேன். அந்தப் பொங்கலுக்கு நீ வந்தபோது தண்ணி கேனைத் தூக்கி வைக்க உன்னைக் கூப்பிட்டாள், நீ “ரொம்ப சொகுசாயிட்ட மா” என்றாய். உன் மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நானும் சேர்ந்து சிரித்தேன். ஸ்டாக் எடுக்கிற வாரம் என்று இரண்டு நாள்தான் லீவு போட்டேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள், டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் நான் காபி கேட்டிருக்கிறேன். அந்தக் காபி நன்றாக இருந்தது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று போட்டாள் என்பது ஞாபகம் இல்லை. நான் ஷிஃப்டுக்குப் போனதும் தினமும் மத்தியானம் வந்து அவள் வயிற்றைக் கட்டிவிட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்து, நாற்பது நாள் பார்த்துக்கொண்டது யார் என்று நினைக்கிறாய்? கங்கையம்மாள். நான் கேட்டை முகத்தில் சாத்திவிட்டு வந்தேனே, அதே கங்கையம்மாள். எனக்கு இது இவ்வளவு வருடமாகத் தெரியாது, போன வாரம்தான் உன் அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் கட்டச் சொல்லிக்கொடுத்ததும் உன் அம்மாவுக்குத்தான்.

பேச நேரமில்லை, மிளகை உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆட்டோ வந்து நின்றதும் பார்த்தால் உன் அம்மா புடவை மாற்றிக்கொண்டு முதலில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துண்டை விரித்து, கொடுங்க என்றாள். ஆறு மாதத்தில் அவள் அந்த நாயை மடியில் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, ஆனால் மிளகு படுத்த விதத்தைப் பார்த்தால் அதற்கு அது முதல் தடவை மாதிரி தெரியவில்லை. இதையும் குறித்துக்கொண்டேன். கிளினிக்கில் டாக்டரம்மா காயத்தைப் பார்த்ததும் பாட்டெல்லாம் நின்றுவிட்டது. “மேல என்னமோ ஈரமா கட்டியிருக்காங்களே, யார் பண்ணது இந்த வேலைய?” என்று கேட்டார். உன் அம்மாவின் கை மிளகின் தலை மேல் இருந்தது, அது அப்படியே நின்றுபோனதை நான் பார்த்தேன். வினி, ஜெபகுமார், கங்கையம்மாள், மொட்டை மாடி என்று மூன்று நாளாக ஊரையே சந்தேகப்பட்டு ஆள் தேடிக்கொண்டிருந்தேனா, அந்த நிமிடத்தில் என் வாயில் வந்தது “நான்தான் டாக்டர்” என்பது. அதற்கப்புறம் வாங்கினேன் பார், அப்படி ஒரு அர்ச்சனை நான் வேலையில் இருந்தபோதுகூட வாங்கியதில்லை. வெளியே லாப்ரடாரோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எட்டி எட்டிப் பார்த்தார். காற்று படாமல் ஈரத்தோடு மூடினால் கிருமி வளராமல் என்ன செய்யும், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தையல் பிரிந்திருக்கும், திங்கட்கிழமைக்குள் காயவில்லை என்றால் மறுபடியும் மயக்க மருந்து கொடுத்துத் திறந்து தைக்க வேண்டும், காய்ச்சலில் இருக்கிற குட்டி அதைத் தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது சார் என்றார். எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டார். வயிறு தொங்கிவிடக் கூடாதே என்றுதான் என்றேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “சார், அது நாலு கால்ல நிக்குது. அதுக்கு வயிறு பொறந்ததுலருந்தே தொங்கிக்கிட்டுதான் இருக்கு” என்றார். உன் அம்மா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று பதறிக் கிட்டே போனால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஊசி போட்டு, காயத்தைச் சுத்தம் பண்ணி, மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். திரும்பும்போது ஆட்டோவில் வண்டலூர் தாண்டுகிற லாரி போல மூச்சு விட்டுக்கொண்டு மிளகு தூங்கியது. உன் அம்மா வெளியே பார்த்தபடியே “உங்கள யாரு சொல்லச் சொன்னா” என்றாள். அது பாராட்டா திட்டா என்பது எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. கொஞ்ச தூரம் போன பிறகு, அப்போது ரொம்ப வலித்ததா என்று கேட்டேன். “பதிமூணு வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க. யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நாலு நாளும் வீட்டில் ஒரே வேலைதான். அவள் மிளகின் பக்கத்தில் உட்கார்ந்து புனலைக் கழற்றிக் கையால் ஊட்டி மறுபடி மாட்டுவாள், நக்க வந்தால் மூக்கில் ஒரு தட்டு. நான் தரையைத் துடைத்து, மருந்து கொடுத்து, அடிக்கிற மழையில் அந்த மூலை மட்டும் காய்ந்து இருக்க டேபிள் ஃபேனைத் திருப்பித் திருப்பி வைத்தேன். காபியும் நான்தான் போட்டேன். முதல் நாள் காபியைக் குடித்துவிட்டு, “இதுக்கு நான் தையலோட போட்டதே தேவலை” என்றாள். கங்கையம்மாளைச் சுவரோரம் பார்த்து, நல்லா இருக்கீங்களா அக்கா என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, “இன்னாத்துக்கு இப்ப அக்கா? கொழாய இன்னும் இந்தப் பக்கம் நீட்டப் போறியா?” என்றாள். இப்போது அவளுக்கு என் மேல் சந்தேகம். நியாயம்தான். மறுநாளே குழாயை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா பார்த்துவிட்டுத் திறக்க வேண்டாம், காய்ந்துவிட்டது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது. நேற்றைக்குத் தையல் பிரித்தார்கள். மேஜை மேல் மிளகைப் படுக்க வைத்து, தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் முன்னால் போனேன், கம்பவுண்டர் “சார் நீங்க உக்காருங்க, இன்னொருத்தரத் தூக்க எங்களால ஆகாது” என்றான். உன் அம்மாதான் பிடித்துக்கொண்டாள், இடது கையால். வலது கை என் மணிக்கட்டை எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. முதல் தையல், இரண்டாவது தையல் சத்தமில்லாமல் வந்துவிட்டன. மூன்றாவது, அந்த ஊறிப்போன இடம், மிளகு ஒரு தடவை கத்தியது. உன் அம்மா கத்தவில்லை. நாலாவதும் ஐந்தாவதும் முடிகிற வரைக்கும் மிளகின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், என் கையை விடவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போது பார்த்தேன், மணிக்கட்டில் நாலு நகக்குறி ஆழமாகப் பதிந்திருந்தது. நான் கேட்ட கேள்விக்கு அவள் யோசித்துச் சொல்லிவிட்டாள். இதை எழுதும்போதும் அதில் இரண்டு தெரிகிறது.

எழுதிக்கொண்டு வரும்போது புதிதாக ஒரு சந்தேகம் வருகிறது. உன் அம்மாவின் ஆபரேஷன் விஷயம் உனக்கு முன்பே தெரியுமோ? நீயும் அவளும் எப்போதோ பேசிக்கொண்டு, இவர் எப்போது வாயைத் திறக்கிறார் பார்ப்போம் என்று இத்தனை வருடம் வேடிக்கை பார்த்தீர்களோ? அப்படி என்றால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு, நானும் எழுதவில்லை. தெரியாது என்றால், இந்தத் தபால் கைக்கு வந்த பிறகு கூப்பிடும்போது மிளகு எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே, அவளிடம் கேள். மிளகைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எங்காவது ஒரு இடத்தில் அவள் தன்னைப் பற்றியும் சொல்வாள், அப்போது நடுவில் பேசாமல் கேட்டுக்கொள். சொகுசு என்று சொன்னதற்கு மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், அவளுக்குக் கூச்சமாக இருக்கும், பிறகு யார் சொன்னது என்று விசாரணை வைப்பாள், நான் மாட்டிக்கொள்வேன். அவள் விசாரணைக்கு சீல் எல்லாம் தேவையில்லை, ஒரு பார்வை போதும்.

நீ நல்லபடியாக, நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க இருக்க வேண்டும் அம்மாடி. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரியில் தயிர் வேண்டாம். உடம்புக்கு ஏதாவது என்றால் பரீட்சை, வேலை, அப்பா பயப்படுவார் என்றெல்லாம் பார்த்து மறைக்காதே, அந்தப் பழக்கம் எங்களோடு போகட்டும். எனக்கு எழுதிவிடு, மாத்திரைக்கு நேரம் போட்டு எழுதி அனுப்புகிறேன், சிவப்புக் கோடும் போட்டு. ரேஷன் கடை மூடியிருந்தது என்றுதான் இப்போது வீட்டில் சொல்லப் போகிறேன், அவள் நம்பமாட்டாள்.

உன் நலமே நினைக்கும்,
அப்பா
இரா. ஏகநாதன்